பெரியப்பா போட்ட கையெழுத்து

பிள்ளைகளே, அவரை யாராவது மாமா என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. அங்கிள் என்றால் திரும்பியே பார்க்கமாட்டார். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் நின்று, ஓடிவருகிற பிள்ளைகளை மறித்துவைத்துத் திருத்துவார்.

“மாமா எண்டு ஆரடா உனக்குச் சொல்லித் தந்தது? மாமா எண்டால் பொம்பிளை குடுக்கிற ஆள். என்னட்டைக் குடுக்கிறதுக்குப் பொம்பிளை இல்லை. பெரியப்பா எண்டு சொல்லு பாப்பம்.”

“பெரியப்பா.”

“ஆ, இப்ப சரி. எங்கை, ஜக்கெற்றைப் பூட்டு. குளிருக்கை நெஞ்சைத் திறந்துகொண்டு திரியிறாய்.”

சொல்லிக்கொண்டே குனிந்து, அந்தப் பிள்ளையின் சிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிடுவார். யாருடைய பிள்ளை என்று பார்க்கமாட்டார். ஒருமுறை அந்த வழியால் போன ஒரு துருக்கிப் பிள்ளையின் சிப்பையும் இழுத்துவிட்டார். அதன் தாய் கொஞ்சம் பயந்துபோனாள்.

எனக்கும் அவருக்கும் இரத்த உறவு இல்லை. ஊரும் வேறு. அகதியாக வந்த புதிதில் முகாமில் ஒரே அறையில் பதினொரு மாதம் இருந்தோம். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அண்ணை என்றேன், அவர் தம்பி என்றார். எங்கள் முறை அவ்வளவுதான். மூத்தவளே, நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் ஒரு தாதி கதவைத் திறந்து, “தகப்பன் யார்?” என்று கேட்டாள். அவர் எனக்கு முன்னால் கையை உயர்த்திவிட்டார். பிறகுதான் பக்கத்தில் நான் நிற்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த நாட்கள் உண்டு.

அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. சில வருடம் டொக்டர்மாரிடம் அலைந்தார்கள். பிறகு அந்தக் கதையை விட்டுவிட்டார்கள். நாங்களும் கேட்பதில்லை.

அப்போது டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்தில், கார்க் கதவுகளுக்கு வைக்கும் ரப்பர்ப் பட்டி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் வேலை செய்தோம். எல்லோருக்கும் மாறி மாறி ஷிப்ட். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தால் போக ஆள் இருக்காது. அவர் போவார். அதற்கென்றே ஒரு சாம்பல் நிறக் கோட்டு வைத்திருந்தார். ஒரு வகுப்பில் இருந்து எழும்பி அடுத்த வகுப்புக்குப் போய், அங்கேயும் முன்வாங்கில் இருப்பார். ஒரு ஆசிரியை கேட்டாளாம், “போன கிழமை நீங்கள் ஏழாம் வகுப்புப் பையனின் தகப்பன் என்றீர்களே?” என்று.

“ஓம், அவனுக்கும்தான்,” என்று சொல்லிவிட்டு வந்தார். அவருடைய ஜேர்மன் மொழியில் இலக்கணம் இருக்காது. ஆனால் சத்தம் இருக்கும்.

பள்ளிக்கூடத்துத் துண்டுகளுக்குக் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். சுற்றுலாவுக்குச் சம்மதம், நீச்சலுக்குச் சம்மதம், சோதனைத் தாள் பார்த்தேன் என்று ஒரு கையெழுத்து. சின்னவனே, கணக்கில் நீ ஐந்து வாங்கிய தாளை அவரிடம் கொண்டு ஓடினாய். இந்த நாட்டில் ஐந்து என்றால் தோல்வி மாதிரி. அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்தாய். நீ வீட்டுக்கு வந்து சேருமுன் அவருடைய தொலைபேசி வந்துவிட்டது.

“தம்பி, கையெழுத்து நான் போட்டிட்டன். காதைத் திருகிறது உன்ர பங்கு. மெள்ளமாய்த் திருகு, என்ன.”

அவருடைய பர்சில் உங்கள் இருவரின் படமும் இருந்தது. இன்னும் ஒன்பது பத்துப் பிள்ளைகளின் படங்களும் இருந்தன. வேலைத்தலத்தில் மேற்பார்வையாளர் பகிடியாகக் கேட்டால் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பி, “என் பிள்ளைகள்” என்பார். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பின்பெயர். அதைப் பற்றி யாரும் அதிகம் யோசிக்கவில்லை. எங்களில் தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குப் பின்பெயர். தகப்பனின் பின்பெயரோ அவருடைய தகப்பனின் பெயர். ஒரே வீட்டில் தகப்பனுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. அலுவலகத்தில் முதலில் கேட்டுக் கேட்டுக் களைத்தார்கள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

யூரோக் காசு வந்த அடுத்த வருடம் அது. வேலை இல்லை, வேலை இல்லை என்பதுதான் எங்கும் பேச்சு. எங்கள் தெருமுனையில் கம்பளக் கடை மூடியது. தொழிற்சாலையில் ஒரு ஷிப்டை நிற்பாட்டினார்கள். மூத்தவளே, அப்போது உனக்குப் பதினேழு வயது. அலுவலக வேலைக்கான தொழிற்பயிற்சிக்கு, அவுஸ்பில்டுங்குக்கு, எழுதி எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாய். முப்பதுக்கு மேல் இருக்கும். தபாற்காரன் தடித்த உறையைக் கொண்டுவந்தால் நீ பிரிக்கவே மாட்டாய். நீ அனுப்பிய விண்ணப்பக் கோப்பையே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், வேண்டாம் என்று அர்த்தம். மெல்லிய உறை வந்தால்தான் நேர்முகம். மெல்லிய உறை வரவில்லை.

எங்கள் தொழிற்சாலை அலுவலகத்திலும் இரண்டு பயிற்சி இடங்கள் இருந்தன. ஆனால் பணியாளர் அலுவலகத் தலைவி கூட்டத்தில் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: கோடை விடுமுறையில் இங்கே வந்து வேலை செய்து காட்டிய பிள்ளைகளில் இருந்துதான் எடுப்போம், தெரியாத பிள்ளைகளை எடுக்கமாட்டோம். அதனால் அந்த மூன்று கிழமை விடுமுறை வேலை உனக்கு வெறும் விடுமுறை வேலை அல்ல.

முந்தி, தொழிலாளிக்குத் தெரிந்த பிள்ளை என்றால் யாரும் வரலாம். அந்த வருடம் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். எட்டு இடம். சொந்தப் பிள்ளைகள் மட்டும். ஒருவருக்கு ஒரு பிள்ளை. யார் கூடக் காலம் வேலை செய்தாரோ அவருடைய பிள்ளைக்கு முதலிடம். எனக்கு ஒன்பது வருடம்தான். அது எந்த மூலைக்கு?

நீ வெளியிலும் தேடினாய். ஐஸ்கிரீம் கடைக்கு இரண்டு பேர் தேவை என்று போட்டிருந்தார்கள். நீ போனபோது நடைபாதையில் உன் வகுப்பில் பாதிப் பேர் நின்றார்கள். உன் சிநேகிதிக்குக் கிடைத்தது. ஒரு கிழமை நீ அவளோடு கதைக்கவில்லை. பல்பொருள் அங்காடியில் பெட்டி அடுக்கக் கேட்டாய். “குடும்பக்காரர்கள் வந்து கேட்கிறார்கள் மகளே, உனக்கு எப்படித் தருவது?” என்று அந்த மனிதர் மரியாதையாகத்தான் சொன்னார். நீ வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கட்டிலில் படுத்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். அவருக்குப் பத்தொன்பது வருட வேலை. எழுதத்தான் பிள்ளை இல்லை. கையில் படிவம் இருந்தது. எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்து, பேனாவைத் திறந்தார். உன் பெயர், பிறந்த திகதி, பள்ளிக்கூடம், வகுப்பு எல்லாவற்றையும் ஒன்றும் கேட்காமல் மளமளவென்று எழுதினார்.

“அண்ணை, சொந்தப் பிள்ளை எண்டெல்லோ போட்டிருக்கு?” என்றேன்.

“பின்னை? இவள் பிறத்தியாற்ற பிள்ளையோ?”

“அப்பிடிச் சொல்லேல்லை. கொம்பனியிலை கேட்டால்…”

“என்ன கேக்கப் போறாங்கள்? உன்ர பேர் பின்னாலை நிக்குது எண்டு பயப்பிடுறியோ? எங்கடை பேர் அவங்களுக்கு எந்தக் காலம் விளங்கினது?”

அம்மா குசினிக்குள் இருந்து வந்தார். “வேண்டாம் அண்ணை. ஏதும் பிரச்சினை எண்டால் உங்களுக்கெல்லோ.”

“தங்கச்சி, நீ தேத்தண்ணியைக் கொண்டு வா. கள்ளக் கையெழுத்து எண்டு நினைக்காதை. இந்தப் பிள்ளைக்கு ரெண்டாம் வகுப்பிலை இருந்து நான்தான் போடுறன். ஒருத்தரும் இண்டு வரைக்கும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை.”

பதினெட்டு வயதாகாத பிள்ளைக்குத் தாயோ தகப்பனோ ஒப்பமிட வேண்டிய கட்டம் கீழே இருந்தது. அதில் அவர் கையெழுத்துப் போட்டார். சோதனைத் தாளில் போடுகிற அதே கையெழுத்து. கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு நீளக் கோடு.

அந்த நேரம் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தேத்தண்ணிக் கோப்பை படிவத்தில் முட்டாமல் தள்ளி வைத்தேன். நான் செய்தது அதுதான்.

நீ அறை வாசலில் வந்து நின்றாய். “பெரியப்பா, கிடைக்குமோ?”

“கிடைக்கும் பிள்ளை. போய் நீளக் காற்சட்டையைத் தோய்ச்சு வை. அங்கை ரப்பர் மணம், நல்ல உடுப்பைப் போடாதை.”

பட்டியல் ஒட்டினார்கள். நீ எட்டாவது. ஒன்பதாவது, பொதி செய்யும் பகுதியில் நிற்கிற ஒரு ஜேர்மன் பெண்ணின் மகன். அவளுடைய புருஷனுக்கு மாரிக் குளிரோடு வேலை போயிருந்தது. மகனும் உன்னைப் போலப் பயிற்சி இடம் தேடிக்கொண்டிருந்தவன். அவள் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராகப் பார்த்தாள். பிறகு என்னைக் கண்டு, “ஓர் இடத்தாலே போய்விட்டது,” என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

முதற் கிழமை, வியாழக்கிழமை. ரப்பர்ப் பட்டியின் விளிம்புகளைச் சின்னக் கத்தியால் வெட்டுகிற மேசையில் உன்னை விட்டிருந்தார்கள். கத்தி வழுக்கி உன் பெருவிரலில் பட்டது. நீ கத்தினாய். நான் என் இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன். மற்றப் பக்கத்தில் இருந்து அவரும் “பிள்ளை, பிள்ளை” என்று ஓடிவந்தார். இரண்டு பேரும் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

நீ என்னைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்க, ஜேர்மனில் சொன்னாய்: “அப்பா, ஒன்றுமில்லை, சின்னக் காயம்.”

மேற்பார்வையாளர் சிரித்தார். “இந்தப் பெண்ணுக்கு எத்தனை தகப்பன்கள்?” என்றார். மேசையைச் சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பொதி செய்யும் பகுதியில் நின்ற அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

அது உன் பிழை இல்லை, மகள். அப்பாவை அப்பா என்றுதான் சொன்னாய். அடுத்த நாள் எங்கள் இரண்டு பேரையும் மேலே கூப்பிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அந்த அறைக்குள் நடந்தது தெரியாது. இத்தனை வருடமும் நான் சொல்லவில்லை.

பணியாளர் அலுவலகத் தலைவி மேசைக்குப் பின்னால் இருந்தார். தொழிலாளர் சபையில் இருந்து ஒருவர் பக்கத்தில். படிவம் நடுவில். பெரியப்பா சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“இது உங்கள் மகளா?” என்று தலைவி அவரைக் கேட்டார்.

“என் மகள்தான். தம்பியின் பிள்ளை எங்கள் வழக்கத்தில் என் பிள்ளை. அவள் என்னைக் கூப்பிடுகிற பெயரிலேயே அப்பா இருக்கிறது.” அந்த உடைந்த ஜேர்மனில், ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். வெட்கமோ பயமோ இல்லை. சொன்னால் விளங்கிவிடும் என்று நினைத்தார்.

தலைவி என் பக்கம் திரும்பினார். கோபமான முகம் இல்லை. விளங்கிக்கொள்ளப் பார்க்கிற முகம். “நீங்கள் இருவரும் சகோதரர்களா?”

எனக்கு உன் பயிற்சி இடம் கண்ணுக்கு முன்னால் வந்தது. தடித்த உறைகள் வந்தன. என் வேலை வந்தது. பெரியப்பா எனக்காகக் காத்திருந்தார். நான் ஓம் என்று சொல்லுவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

“இல்லை,” என்றேன். “கூட வேலை செய்கிறவர்.”

“அப்படியானால் அவர் இப்படி எழுதியது உங்களுக்குத் தெரியாதா?”

முதலாவதைச் சொன்ன பிறகு இரண்டாவது இலகுவாக வந்தது. “தெரியாது. யாரிடமோ கேட்டு எடுத்துத் தந்தார் என்று நினைத்தேன்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அவருக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைக்கும் தெரியாது. நான் எழுதினேன். பிள்ளையை நிற்பாட்ட வேண்டாம்,” என்றார். அதைச் சத்தமில்லாமல் சொன்னார். அவர் ஜேர்மன் மொழியை மெதுவாகப் பேசிக் கேட்டது அன்றைக்குத்தான்.

உன்னை நிற்பாட்டவில்லை. அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதி அவருடைய கோப்பில் வைத்தார்கள். இரண்டு பேரும் படிக்கட்டில் இறங்கினோம். அவர் என் தோளில் கையை வைத்தார்.

“தம்பி, யோசிக்காதை. ரெண்டு பேரும் மாட்டுப்பட்டால் பிள்ளையின்ர கதி என்ன? நீ சொன்னதும் பொய் இல்லையே. கூட வேலை செய்யிறனாங்கள்தானே.”

என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். குத்திச் சொல்லத் தெரியாத மனிதர். அதனால்தான் இன்றைக்கும் என்னால் அதை மறக்க ஏலாமல் இருக்கிறது.

அந்த ஜேர்மன் பெண்ணின் மகனை அதற்குப் பிறகும் எடுக்கவில்லை. அவள் அவருக்கு வணக்கம் சொல்வதை விட்டுவிட்டாள். எனக்கு மட்டும் ஒவ்வொரு காலையும் “மோர்கன்” என்பாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் நம்பினாள். அவளுடைய மகன் பிறகு என்ன ஆனான் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

சின்னவனே, அந்த மாரியில் நீ வகுப்போடு பனிச்சறுக்குக்குப் போக ஒரு துண்டைக் கொண்டு அவரிடம் ஓடினாய். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்து உன் ஜக்கெற் பைக்குள்ளேயே வைத்தார். “இது அப்பா போடவேண்டியது,” என்றார். நீ வீட்டுக்கு வந்து, “பெரியப்பாவுக்கு என்னிலை கோவமோ?” என்று கேட்டாய். அவருக்கு வேலை கூட என்று நான் சொன்னேன். பெற்றோர் கூட்டங்களுக்கும் அவர் பிறகு போகவில்லை. யாராவது பிள்ளை மாமா என்று கூப்பிட்டால், “ஓம் பிள்ளை,” என்று விட்டுவிடுவார்.

அடுத்த வருடம் உனக்கு மெல்லிய உறை வந்தது, மூத்தவளே. எங்கள் அலுவலகத்துப் பயிற்சி இடம் இரண்டில் ஒன்று உனக்கு. அவர் வந்து உன் தலையில் கைவைத்தார். முழு வீடும் கேட்கச் சிரித்தார். பழைய சிரிப்பு. அன்று மட்டும்தான்.

இரண்டு மாரி கழித்துத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தது. எத்தனை வருட வேலை, எத்தனை வயது, எத்தனை பிள்ளைகள் என்று கணக்குப் பார்த்தார்கள். அவருக்கு வருடம் இருந்தது. பிள்ளை என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. கோப்பில் அந்தக் கடிதம் இருந்தது. கடிதத்தால்தான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. என் பேருக்கு நேரே இரண்டு பிள்ளைகள் என்று இருந்தது. நான் தங்கிவிட்டேன். அவர் ட்ராம் வண்டிகளை நிறுத்தி வைக்கிற இடத்தில் அவற்றைக் கழுவப் போனார். குளிர் தண்ணீர். கைகள் வெடித்துப்போயிருக்கும். கேட்டால், “ஆ, பரவாயில்லை, கிறீம் பூசுறன்,” என்பார்.

போன மாரியில் அவர் செத்துப்போனார். நீங்கள் இருவரும் செத்தவீட்டுக்கு வந்தீர்கள், அழுதீர்கள். ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அந்த நாளைப் பற்றிச் சொல்ல அல்ல. அதற்கு முந்திய வருடம் நடந்த உன் கலியாணத்தைப் பற்றி, மகள்.

தாலி கட்டி முடிந்துவிட்டது. மண்டபம் நிறைந்த சனம். நீ அப்போது தொழிற்சாலை அலுவலகத்தில் நிரந்தரமாகிவிட்டாய். அதனால் உன் தலைவியும் வந்திருந்தார். அன்று எங்களைக் கேள்வி கேட்ட அதே பெண்மணி. கையில் மாம்பழச் சாறோடு மேடைக்குப் பக்கத்தில் என்னோடு நின்று, இது யார், அது யார் என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

படம் எடுக்கிற தம்பி மேடையில் இருந்து கத்தினான். “பொம்பிளையின்ர பெரியப்பா, சித்தப்பா ஆக்கள் மேலை வாங்கோ! கெதியாய் வாங்கோ!”

அம்மாவின் பக்கத்தில் மாமாமார்தான் அதிகம். என் பக்கத்தில் கனடாவில் இருந்து வந்த என் தம்பிமார் இரண்டு பேர் ஏறினார்கள். மூன்றாவது வரிசையில் பெரியம்மா அவருடைய முழங்கையை இடித்தார். அவர் பாதி எழும்பினார். கோட்டின் தெறியைப் பூட்டினார். பூட்டிக்கொண்டே மேடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வரட்டோ என்று கேட்கிற பார்வை. ஆஸ்பத்திரி வாசலில் கேட்காமல் கையை உயர்த்திய மனிதர்.

நான் தலையை அசைத்தால் போதும். நீ மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தாய், நீ காணவில்லை.

“மேடையில் நிற்பவர்கள் எல்லோரும் உங்கள் சகோதரர்களா?” என்று உன் தலைவி கேட்டார்.

நான் படம் எடுக்கிறவன் பக்கம் திரும்பினேன்.

“எல்லாரும் வந்திட்டினம் தம்பி,” என்றேன். “எடுங்கோ.”